நானூற்றுப் பதினேழாம் எண்ணில் ஒரு நாய்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மாடிப்படிக் குழாய்கூட இந்த வாரம் ஒழுகவில்லை. நீ நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை கேட்கவே அவசியமில்லாமல் போய்விட்டது. நீ நலமாக இருக்கிறாய், குளிர் பழகிவிட்டது, புது வேலை பிடித்திருக்கிறது என்பதையெல்லாம் போன செவ்வாய்க்கிழமையே படித்துவிட்டேன். எனக்கு நீ எழுதியதில் அல்ல, எங்கள் துறைத்தலைவருக்கு நீ எழுதிய மின்னஞ்சலில். அதை அவர் அச்செடுத்து என் முன்னால் மேஜையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, படிங்கம்மா என்றார். மூன்றாவது வரியில் இருந்தது, என் சிறுவயது மின்னணுப் பொம்மைகளை இயற்பியல் துறைக்கு மனமுவந்து அளிக்கிறேன் என்று. மனமுவந்து என்ற சொல்லை நீ எங்கே பிடித்தாய் என்று தெரியவில்லை, நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. மேலே நேரமும் போட்டிருந்தது. அவர் கேட்ட அரைமணி நேரத்தில் பதில் அனுப்பியிருக்கிறாய். நான் அனுப்பும் செய்திக்கு மூன்று நாள் ஆகும்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் நீ விடும்மா என்பாய், நானும் சரி என்று விட்டுவிடுவேன், நாம் இருவரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். கடிதத்தில் நடுவில் புகுந்து யாரும் விடும்மா என்று சொல்ல முடியாது. ஆகவே உட்கார்ந்து கடைசிவரை படி. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே, புரையேறும்.

நீ எதைத் தூக்கிக் கொடுத்தாய் என்று உனக்கு முழுதாகத் தெரியாது, அதில் என் தப்பும் உண்டு. உங்கம்மா உன் பழைய பொம்மையெல்லாம் நோண்டிக்கிட்டிருக்கா என்று அப்பா சொன்னபோது நீ சிரித்தாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். நடந்தது இதுதான். நீ வெளிநாடு கிளம்பிய மாதம் பரணிலிருந்த பச்சை வாளியைப் பழைய சாமான்காரருக்குப் போடலாம் என்று அப்பா இறக்கினார். குரைக்கும் நாய், போலீஸ் கார், பொம்மை டெலிபோன், பேசும் எழுத்துப் பலகை, பல் முளைக்கும்போது நீ ஓரத்தைக் கடித்து வைத்த குட்டிக் கீபோர்டு. ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய பாதி செத்த பேட்டரியை நாயின் வயிற்றில் போட்டார். அது குரைக்கவில்லை, வயசான மனுஷன் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். அப்பா சிரித்துவிட்டு வாளியோடு வாசலுக்குப் போனார். எனக்கு மட்டும், பேட்டரி இறங்கினால் குரல் ஏன் இறங்க வேண்டும் என்று ஒரு கேள்வி. இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு இருபது வருடமாகக் கல்லூரி ஆய்வகத்தில் மற்றவர்கள் செய்யும் சோதனைக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிறவள் நான், சொந்தமாக ஒரு கேள்வி வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நாயின் தோலைத் தையல் பிரித்து, திருகாணியைக் கழற்றிப் பார்த்தால், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பலகை, அதன் நடுவில் கறுப்புப் பசை ஒரு சொட்டு, நாயின் மூளையெல்லாம் அதற்குள்தான். பக்கத்தில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒரு ரெசிஸ்டர். விரலை நனைத்து அதன் இரண்டு கால்களையும் சேர்த்துத் தொட்டேன், குரல் கிறீச்சென்று மேலே போனது. எடுத்தேன், இறங்கியது. அன்றைக்கு அடுப்பில் வைத்த பாலை நான் பார்க்கவில்லை, அடுப்பைக் கழுவ இரண்டு நாள் ஆனது.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர் பெண், உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், ஒலியைப் பற்றிய பாடத்துக்காக ஒரு மாடுலர் சிந்தசைசர் வைத்திருக்கிறாள். கடையில் விற்கும் கீபோர்டு மாதிரி முழு வாத்தியமாக அது வராது. சின்னச் சின்னப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை, ஒன்று சத்தம் போடும், ஒன்று அதை வெட்டும், ஒன்று தாளம் தட்டும், ஒன்று ஏற்றி இறக்கும். எதை எதோடு வயரால் இணைக்கிறோமோ அதற்கேற்ற சத்தம். கூட்டுக்குடும்பம் மாதிரிதான், இங்கே ஒருத்தர் இழுத்தால் அங்கே ஒருத்தர் கத்துவார். வகுப்பு முடிந்ததும் வயரையெல்லாம் கழற்றிச் சுருட்டி வைப்பது என் வேலை. எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே சுருட்டுவேன். அதிகம் வாய் திறக்காதவளிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை, எனக்கு அது எவ்வளவோ நாள் உதவியிருக்கிறது. நம் நாயையும் காரையும் ஏன் இப்படிப் பலகைகளாக மாற்றக்கூடாது என்று தோன்றியது.

ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின. தான் வேலை செய்யும் அச்சகத்தில் அச்சடித்து முடித்துக் கழித்துப்போட்ட அலுமினியத் தகடுகளை அப்பா கேட்டு வாங்கி வந்தார், மெல்லிய தகடு, வளையாமல் இருக்க ஓரத்தை மடித்துக் கொடுத்தார். நாயின் பலகைக்குப் பின்பக்கம் ஏதோ பள்ளிப் பாடநூலின் நீல எழுத்தில் கீழ்க்கண்டவற்றுள் சரியானதைத் தேர்ந்தெடு என்று இன்னும் இருக்கிறது. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குத் தகுந்தாற்போல் மாறும் ஒரு சென்சாரை வைத்தேன், அதற்கு எதிரே ஒரு குட்டி எல்.இ.டி., இரண்டையும் கறுப்புப் பேனா மூடிக்குள் அடைத்துவிட்டேன். வேறொரு பலகையிலிருந்து வரும் மின்னழுத்தம் விளக்கை ஏற்றி இறக்கும், அதோடு நாயின் குரலும் ஏறி இறங்கும். போலீஸ் காரின் சைரன் இப்போது நாயை ஆட்டி வைக்கிறது, கீபோர்டின் தாளம் எழுத்துப் பலகையைத் தட்டி எழுப்புகிறது, அது எழுத்துகளைத் துண்டு துண்டாகச் சொல்கிறது, தூக்கத்தில் உளறுகிற குழந்தை மாதிரி. டெலிபோனை மட்டும் நான்தான் கொன்றேன். மூன்று வோல்ட் பொம்மைக்குப் பன்னிரண்டு வோல்ட்டை நேரே கொடுத்துவிட்டேன், வீடெல்லாம் புகை, அப்பா அடுப்படியிலிருந்தே யாரைடி போட்டுத்தள்ளுன என்று கேட்டார். மாடியில் தைக்கிற அக்கா ஒருநாள் இறங்கி வந்து, உங்க வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லையா, நாலு நாளா முனகுது, டாக்டர்கிட்ட காட்டக்கூடாதா என்று கண்ணில் நீர் வராத குறையாகக் கேட்டாள். அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று அப்பாவுக்குச் சன்னமான சத்தமெல்லாம் காதில் விழுவதில்லை என்று உனக்குத் தெரியும். அவர் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இது நாய், இப்ப கார், இப்ப ரெண்டும் சண்டை போடுது என்று சரியாகச் சொல்கிறார். பாட்டு என்றால் டி.வி.யை அணைத்துவிடுகிற மனிதர்.

இனி என் மடத்தனத்தைச் சொல்கிறேன். நான்கு பலகைகளையும் ஒரு மரப்பெட்டியில் பொருத்தி முடித்த ஞாயிற்றுக்கிழமை, நீ விட்டுப்போன வெள்ளை நகப்பூச்சைத் தேடி எடுத்துப் பெட்டியின் மூலையில் அழகாக 417 என்று எழுதினேன். ஏன் என்று கேட்காதே. இருபது வருடமாக எந்தக் கருவி வந்தாலும் எண் எழுதிய பிறகுதான் என் கை அதை அலமாரியில் வைக்கும். ஆய்வகப் பதிவேட்டில் கடைசிக் கருவி 416, அதனால் கை தானாக 417 என்று எழுதிவிட்டது. எழுதிவிட்டுத் தள்ளி நின்று அழகு வேறு பார்த்தேன். எண் போட்டால்தான் ஒரு பொருள் உருப்படி என்ற புத்தி, அடுத்தவர் வீட்டுக் கருவியையே கட்டிக் காத்த புத்தி.

சத்தத்தின் அலை எப்படி விழுகிறது என்று ஆஸிலோஸ்கோப்புத் திரையில் பார்க்கும் ஆசையில் ஒருநாள் அதைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன், மதிய இடைவேளையில் பார்த்துவிட்டு மாலையில் கொண்டு வந்துவிடலாம் என்று. அன்றைக்குப் பார்த்து, கல்லூரியைத் தணிக்கை செய்ய வந்த குழு ஆய்வகத்துக்குள் நுழைந்தது. நாய் திமிங்கிலம் போல முனகிக்கொண்டிருந்தது. வந்த மூன்று பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு குமிழைத் திருகினார்கள், யார் செய்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், எங்க துறையோட தயாரிப்பு என்று சொல்லிவிட்டார் துறைத்தலைவர், நம் பாக்கலாம் சார். நீங்களெல்லாம் படிக்கும்போது வைத்த பெயர்தான் இன்னும் ஓடுகிறது, எது கேட்டாலும் பாக்கலாம். அவர்கள் போன பிறகு, அது என்னுடையது சார் என்றேன், குரல் எனக்கே கேட்டிருக்காது. அவர் குனிந்து மூலையைப் பார்த்து, நம்ம நம்பர் இருக்கேம்மா, உங்க கையெழுத்துதானே என்றார். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவிக்கொத்து என் இடுப்பில், நானேதான் பூட்டினேன். மூன்று வாரம் தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன், உள்ளே என் பெட்டி. நினைத்திருந்தால் எந்த மாலையிலும் எடுத்துப் பைக்குள் போட்டிருக்கலாம். என் பொருளை நானே எதற்குத் திருட வேண்டும் என்று விட்டு வைத்தேன். என் மகளின் பழைய பொம்மைகளை வைத்து நானே செய்தது என்று எழுதிக் கொடுத்தேன், பாக்கலாம் என்றார். மறுபடி கேட்டேன், பாக்கலாமே என்று ஓர் ஏகாரம் கூட்டிச் சொன்னார். அதற்குள் அடுத்த மாதக் கண்காட்சிக்கு அதை அனுப்ப ஏற்பாடு ஆகிவிட்டது, கூட வைக்கும் அட்டையில் துறைத்தலைவரின் வழிகாட்டுதலில் உருவானது என்று அச்சடித்திருந்தது. வழிகாட்டியது யார் தெரியுமா, ஈரவிரல்.

செவ்வாய்க்கிழமை பதிவேட்டையும் உன் மின்னஞ்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். பதிவேட்டில் 416க்குக் கீழே வரி காலி. என் கையெழுத்து இல்லாமல் அதில் ஒரு எண்ணும் ஏறாது, அது அவருக்கும் தெரியும். உங்க பொண்ணே குடுத்துட்டா, அப்புறம் உங்களுக்கு என்னம்மா, 417னு ஒரு வரி எழுதிடுங்க என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். உன் மேல்படிப்புக்கு அவர் எழுதிய சிபாரிசுக் கடிதத்தை நான் மறக்கவில்லை, சாகும்வரை நன்றி சொல்வேன், கேட்டால் அவர் வீட்டுப் பரணைக்கூடத் துடைத்துத் தருவேன். நீயும் அந்த நன்றியில்தான் எழுதினாய், என் வேலை வருடா வருடம் அவர் கையெழுத்தில் புதுப்பிக்கிற வேலை, அந்தப் பயத்திலும் எழுதினாய். எல்லாம் புரிகிறது. ஆனாலும் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறாய், கடைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது எனக்கு வேறொரு மேஜை ஞாபகம் வந்தது. உன்னிடம் சொன்னதில்லை. நம் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படியேறியதில்லை. பட்டம் வாங்கிய கையோடு ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு, தோழியின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். பெயர் கேட்டார்கள், சொன்னேன். அதற்கு மேல் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியும், நாக்கு மட்டும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினொரு நிமிடம், எதிரே கடிகாரம் இருந்தது. போகலாம் என்றார்கள், நன்றி என்றேன், அவ்வளவுதான் பேசியது. நன்றி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ரொம்ப நாள் எரிந்தது. பிறகு நீ ஐந்தாவது படிக்கும்போது நீ வரைந்த படத்தை வேறொரு பிள்ளையின் பெயரில் பள்ளி மலரில் போட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தாயே, விடு கண்ணு, நமக்கு எதுக்கு வம்பு என்று முகத்தைக் கழுவிவிட்டேன். அன்று நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ அரைமணி நேரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாய். அதனால் உன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். மீதிப் பாதி உன்மேல், அதைக் குறைப்பதாக இல்லை.

நாளைக்கு எழுதறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பச்சை வாளியை இறக்கினேன். கூடுகளை நான் எறியவே இல்லை, நாயின் தோல், கார் உடம்பு, எழுத்துப் பலகையின் முகப்பு, கீபோர்டின் மூடி உன் பல் தடத்தோடு, டெலிபோன் மட்டும் உள்ளே கருகிய பலகையோடு. ஐந்தையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்பா வந்து, வாசலில் காய வைத்த நாயின் காதுகளைப் பிழிந்து நேராக இழுத்து விட்டார். மறுநாள் காலை முதல் வேலையாகக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பெட்டியை எடுத்து, பருத்தியில் அசிட்டோன் தொட்டு மூலையிலிருந்த எண்ணைத் துடைத்தேன். நகப்பூச்சுதானே, மூன்றே இழுப்பில் போய்விட்டது. பெட்டி இருந்த இடத்தில் ஐந்து கூடுகளையும் வரிசையாக உட்கார வைத்தேன், நாய் நடுவில், ஒவ்வொன்றிலும் துறையின் பெயிண்டால் 417, அடியில் சிறிய எழுத்தில் ஒன்று முதல் ஐந்து. பிறகு பதிவேட்டைத் திறந்து என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: எண் 417, பழைய பொம்மைகள், ஐந்து, உள்ளே இயங்கும் பாகங்கள் இல்லை, முன்னாள் மாணவி மனமுவந்து அளித்தது. உன் சொல்லை நான் பொய்யாக்கவில்லை பார். நீ கொடுத்ததைக் கொடுத்துவிட்டேன்.

பதிவேட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அந்தப் புது விரிவுரையாளர் பெண்ணும் அங்கே ஏதோ கையெழுத்துக்கு நின்றிருந்தாள். அவர் வரியைப் படித்தார், திரும்பப் படித்தார், எழுந்து போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தார். இது என்ன விளையாட்டு என்றார். பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் பொண்ணு குடுத்தது பொம்மைங்க சார், அதெல்லாம் அங்க இருக்கு. இது நான் செஞ்சது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் என்றேன். அவ்வளவு நீளமாக அந்த அறையில் நான் பேசியதே இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, வேலையெல்லாம் புதுப்பிக்கற நேரம்மா இது, பாக்கலாம் என்றார். பாத்தாச்சு சார் என்றேன். அந்தப் பெண் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

மாலை ஐந்து மணிக்கு முன்வாசல் வழியாகத்தான் போனேன், பின்கேட் கிட்டத்தில் இருந்தும். காவலாளி பையை நிறுத்தி, எந்தக் கருவி வெளியே போனாலும் சீட்டு வேணுமே அக்கா என்றார். கருவி இல்லண்ணே, என்னோடது என்று பேட்டரியை மாட்டிக் குமிழைத் திருகினேன். நாய் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் போட்டது, கார் சைரன் அதைப் பிடித்து மேலே இழுத்தது. இரண்டடி பின்னால் போய்விட்டார். பிறகு, இதுக்கெல்லாம் எங்கிட்ட சீட்டே கிடையாது, கொண்டு போங்க என்று கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்தவர் இடம் விட்டு உட்கார்ந்தார்.

என் வேலையைப் புதுப்பிக்கும் தாள் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் போகலாம். அப்பாவிடம் சொன்னேன், அவர் ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டே, போனா போகுது, தகடு இன்னும் நிறைய இருக்கு என்றார். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பயத்தோடு இருபது வருடம் இருந்தாயிற்று, இந்த ஒரு விஷயத்தில் அது பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும். அந்த விரிவுரையாளர் பெண் அடுத்த நாள் வயர் சுருட்டும்போது பக்கத்தில் வந்து, கண்காட்சியில் தனி ஆட்களுக்கும் இடம் இருக்கு, துறை வேண்டியதில்லை என்று ஒரு விண்ணப்பத்தாளைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். பெயர், தகுதி, செய்த பொருள் என்று மூன்று கட்டம். இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். பட்டம் வாங்கிய இந்த இருபத்தாறு வருடத்தில் நான் எங்குமே எழுதாததை எழுதினேன். அங்கே வருகிறவர்கள் கேள்வி கேட்பார்களாம், பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டுமாம். சொல்வேன். பதினொரு நிமிடம் ஆனாலும் நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பாக்கலாம் சாருக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு வரி எழுதாதே. அம்மா சார்பில் வருந்துகிறேன் என்று எழுதும் எண்ணம் இந்த நிமிடமே உனக்கு வந்திருக்கும், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. கையைக் கீபோர்டிலிருந்து எடு. நாளைக்கு அங்கே உன் அலுவலகத்தில் உன் வேலையை யாராவது தன் பெயரில் போட்டுக்கொண்டு ஒரு வரி கேட்டால், எனக்கு முதலில் போன் பண்ணு, விடு கண்ணு என்று இனி என் வாயில் வராது. காலுறை இல்லாமல் வெளியே போகாதே, அந்தப் பழைய இருமல் திரும்பப் போகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது சமைத்துச் சாப்பிடு. மாடி அக்கா உன்னைக் கேட்டாள், நம் நாய் குணமாகிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

நீ நூறு வயசு நிமிர்ந்து இருக்க வேண்டும், யார் முன்னாலும் உன் நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்ததே, அவர் கை ஸ்பீக்கரில் இருப்பதால் தனியாக எழுதவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை கண்காட்சி, ஞாபகம் வைத்துக்கொண்டு அன்று முழுதும் போனைப் பக்கத்தில் வை, நாய் உன்னோடு பேச வேண்டும் என்கிறது.

இப்படிக்கு, உன்மேல் பாதிக் கோபமும் முழுப் பாசமும் உள்ள,
உன் அம்மா, பி.எஸ்சி.